‘வளர்ந்துவிடும்’ என்று சொல்லுமுன்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “கல்லீரல்தானே, வெட்டினாலும் வளர்ந்துவிடும்.” நோயாளியின் அண்ணன் தம் தங்கையிடம் சொல்கிறார். மாமியார் மருமகளிடம் சொல்கிறார். தந்தைக்குத் தரப்போகும் மகன், அழுதுகொண்டிருக்கும் தாயைத் தேற்றுவதற்குச் சொல்கிறார். சில சமயம், நேரமின்மையால், மருத்துவர்களாகிய நாங்களும் அதையே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்த வாக்கியம் பொய்யன்று. மனித உடலின் பெரிய உள்ளுறுப்புகளில், பெரும்பகுதியை இழந்தபின்னும் தன் எடையை மீட்டுக்கொள்ள வல்லது கல்லீரல் ஒன்றே. ஆயினும் அது பாதி உண்மை. எப்படி வளர்கிறது, எதனால் வளர்கிறது, எப்போது நிற்கிறது, எந்நிலையில் வளராமலே போகிறது என்பனவெல்லாம் மீதிப் பாதி. அந்த மீதியையும் கேட்டு விளங்கிக்கொண்ட பின்னரே ஒருவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ‘வளர்ச்சி’ என்ற சொல்லையே தெளிவுபடுத்திக்கொள்வோம். முருங்கைக் கிளையை வெட்டினால் வெட்டிய இடத்தில் துளிர்க்கும். கல்லீரல் அவ்வாறு துளிர்ப்பதில்லை. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றி, நிகழ்வதைப் பதிவு செய்தனர். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் கல்லீரல் பழைய எடையை நெருங்கிவிட்டது. ஆனால் அகற்றப்பட்ட மடல்கள் திரும்ப முளைக்கவில்லை. எஞ்சியிருந்த மடல்களே பருத்து அந்த எடையை ஈடுசெய்தன. மனிதரிலும் இதுவே நடக்கிறது. வலது மடலைத் தந்தவருக்கு வலது மடல் மீண்டும் உண்டாவதில்லை. இடப்பக்கத்தில் எஞ்சியது பெரிதாகிறது. எடை மீள்கிறது, வடிவம் மீள்வதில்லை. அகற்றப்பட்ட பெரிய இரத்தக்குழாய்க் கிளைகளும் பித்தக்குழாய்க் கிளைகளும் புதிதாகத் தோன்றுவதில்லை. அதனால்தான் ஒருமுறை கல்லீரலில் பங்கு தந்தவர் மறுமுறை தர இயலாது.

அடுத்த கேள்வி இன்னும் ஆழமானது. எவ்வளவு வளர்ந்தால் போதும் என்பதை உறுப்பு எவ்வாறு அறிகிறது?

இதற்கு எல்லா உறுப்புகளும் ஒரே விடையைத் தருவதில்லை. சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற நீர்நில வாழ்வியில், பெரிய இனத்தின் காலை இளமையிலேயே எடுத்துச் சிறிய இனத்தின் உடலில் ஒட்டிப் பார்த்தனர். அந்தக் கால் சிறிய உடலுக்குப் பொருந்தாத அளவில், தன் சொந்த இனத்துக்குரிய நீளம்வரை வளர்ந்தது. எலிகளில் பல தைமஸ் சுரப்பிகளைப் பதித்தபோது, ஒவ்வொன்றும் தனித்தனியே தன் முழு அளவை எட்டியது. பல மண்ணீரல்களைப் பதித்தபோதோ, எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மண்ணீரலின் அளவில் நின்றுவிட்டன. தைமஸ் தன் அளவைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது என்றும், மண்ணீரல் உடல் முழுவதிலும் உள்ள மொத்த அளவை ஏதோ ஒரு வகையில் கேட்டறிந்து நடக்கிறது என்றும் இதிலிருந்து அறிகிறோம்.

கல்லீரல் உடலைக் கேட்டு நடக்கும் வகையைச் சேர்ந்தது. சிறிய நாயின் கல்லீரலைப் பெரிய நாய்க்குப் பொருத்தினால், அது பெரிய நாய்க்கு ஏற்ற அளவுக்கு வளர்கிறது. 1992ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர், பபூன் குரங்கின் கல்லீரலை ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். அந்த நோயாளி 70 நாட்களே வாழ்ந்தார். ஆனால் அதற்குள் அந்தச் சிறிய கல்லீரல் சில வாரங்களிலேயே மனிதக் கல்லீரலின் அளவை எட்டியிருந்தது. உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு என்பது வளர்ந்த மனிதருக்குரிய கல்லீரலின் அளவு. அந்த விகிதம் குறைந்தால் உடல் உணர்கிறது. நிறைந்தாலும் உணர்கிறது.

இந்த உணர்வு உயிரணுக்களுக்கிடையே செல்லும் இரசாயனச் செய்திகளால் நிகழ்கிறது. இதற்கு அழகான சான்று 1960களில் கிடைத்தது. இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை இணைத்துவிட்டு, ஒன்றின் கல்லீரலில் மட்டும் பெரும்பகுதியை அகற்றினர். கத்தியே படாத மற்றோர் எலியின் கல்லீரலிலும் உயிரணுக்கள் பிரியத் தொடங்கின. செய்தி இரத்தத்தின் வழியாகவே செல்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. 1984இல் ஜப்பானின் நாகமுரா குழுவினர், கல்லீரல் உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் புரதம் ஒன்றை இனங்கண்டனர். அதற்குக் கல்லீரல் உயிரணு வளர்ச்சிக் காரணி என்று பெயர்.

இன்று நமக்குத் தெரிந்த அளவில் நிகழ்ச்சி இவ்வாறு நடக்கிறது. குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ஓட்டம் பழைய அளவிலேயே இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் கல்லீரல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. ஐந்து மதகுகளில் பாய்ந்த ஆற்றுநீர் இரண்டு மதகுகளில் பாய்வதைப் போல, எஞ்சிய திசுவில் அழுத்தமும் உராய்வும் கூடுகின்றன. அவ்வழுத்தமே முதல் எச்சரிக்கை. கல்லீரலில் உள்ள காவல் உயிரணுக்கள் உடனே சில புரதங்களைச் சுரந்து, ஓய்ந்திருக்கும் கல்லீரல் உயிரணுக்களை விழிக்கச் செய்கின்றன. பின்னர் வளர்ச்சிக் காரணிகள் உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைத் தொடுகின்றன. பூட்டில் சாவி பொருந்துவது போன்ற அந்தத் தொடுகை, உயிரணுவுக்குள் அடுக்கடுக்காகச் செய்தி கடத்தி, மரபணுக்களைத் திறந்து, “பிரிந்து இரட்டிப்பாகு” என்ற கட்டளையாக முடிகிறது. கல்லீரலுக்குள் செல்லும் பித்த அமிலத்தின் மிகுதியும் இதே கட்டளைக்கு வலுச்சேர்க்கிறது. செய்ய வேண்டிய வேலை அதிகம், செய்யும் கைகள் குறைவு என்பதற்கு அது ஓர் அடையாளம்.

தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் ஒரு கட்டளையால்தான் நடக்கிறது. பழ ஈக்களை ஆராய்ந்தவர்கள் 1990களிலும் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் ஒரு மரபணுத் தொடரைக் கண்டறிந்தனர். அத்தொடரில் ஒன்று பழுதானாலும் ஈயின் திசுக்கள் எல்லை மீறித் தடித்து மடிந்தன. அதனால் அதற்கு ‘ஹிப்போ’ என்று நீர்யானையின் பெயரையே இட்டனர். நம் உடலிலும் இதே தொடர் உண்டு. அண்டை உயிரணுக்கள் நெருங்கித் தொடும்போது இத்தொடர் விழித்தெழுந்து, ‘யாப்’ என்னும் புரதத்தை உயிரணுவின் உட்கருவுக்குள் புகவிடாமல் தடுக்கிறது. யாப் உள்ளே சென்றால் உயிரணு பெருகும். வெளியே நிறுத்தப்பட்டால் பெருக்கம் ஓயும். 2007இல் வெளியான ஆய்வுகளில், சுண்டெலியின் கல்லீரலில் யாப் புரதத்தை மிகுதியாகச் செயல்பட வைத்தனர். உடல் எடையில் இருபதில் ஒரு பங்காக இருக்க வேண்டிய கல்லீரல் நான்கில் ஒரு பங்காக வீங்கிப் பருத்தது. யாப்பின் மிகுதியை நிறுத்தியதும் கல்லீரல் பழைய அளவுக்குத் திரும்பியது. நீண்ட காலம் நிறுத்தாமல் விட்ட எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் தோன்றியது.

இந்தச் செய்தியை நோயாளிகளும் உறவினர்களும் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம் மக்களிடையே ‘வளர்ச்சி’ என்பது எப்போதும் நன்மையின் பெயராகவே வழங்குகிறது. ‘கல்லீரலை வளர்க்கும்’, ‘செல்களைப் புதுப்பிக்கும்’ என்ற விளம்பரத்தோடு சூரணமும் பானமும் வாங்கி வருவோர் பலர். உயிரணு தானாகப் பெருக வேண்டுமென்றால் அதற்கான கட்டளை உடலுக்குள்ளேயே இருக்கிறது. அக்கட்டளை ஓயாமல் ஒலிப்பதைத்தான் நாம் புற்றுநோய் என்கிறோம். புட்டியில் அடைத்த எந்தப் பானமும் இந்த நுட்பமான சமநிலையைச் சீர்செய்துவிடும் என்பதற்குச் சான்றில்லை. சில மூலிகைத் தயாரிப்புகள் கல்லீரலையே பழுதாக்கியதுண்டு. கொடையாளராயினும் பெறுபவராயினும், மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் உட்கொள்ள வேண்டாம்.

இனி கொடையாளரிடம் வருவோம். வளர்ந்த ஒருவருக்குத் தருவதற்குப் பெரும்பாலும் வலது மடல் எடுக்கப்படுகிறது. அது மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு. குழந்தைக்குத் தருவதானால் இடப்பக்கத்தில் சிறு பகுதியே போதும். கொடையாளரிடம் குறைந்தது 30 விழுக்காடேனும் எஞ்ச வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. பெறுபவரின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. பொருத்தப்படும் கல்லீரல், பெறுபவரின் உடல் எடையில் 0.8 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 480 கிராம். அதைவிட மிகச் சிறியதாயின், போர்ட்டல் சிரையின் ஓட்டத்தைத் தாங்க மாட்டாமல் அது திணறும். வளரத் தூண்டும் அதே அழுத்தம் அளவு மீறினால் அழிக்கவும் செய்யும். ஸ்கேனில் மில்லிலிட்டர் கணக்கில் அளந்து, பொருத்தமானவர் என்று நினைத்த கொடையாளரை நாங்கள் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

கொடையாளரின் கல்லீரல் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே வளர்ந்துவிடுகிறது. அதன்பின் மெதுவாக வளர்ந்து, ஓராண்டில் பழைய அளவை நெருங்குகிறது. பலருக்கு முழு அளவை எட்டுவதில்லை, எட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்த முதல் சில வாரங்களில், எஞ்சிய மூன்றிலொரு பங்கு இரண்டு வேலைகளை ஒருங்கே செய்கிறது. உடல் முழுவதற்கும் உழைக்கிறது, தானும் பெருகுகிறது. அந்த வாரங்களில் களைப்பு, பசியின்மை, வலி எல்லாம் இருக்கும். பித்தநீர்க் கசிவு, இரத்தக்கசிவு, தொற்று, பின்னாளில் தழும்பில் குடலிறக்கம் முதலிய சிக்கல்கள் சிலருக்கு ஏற்படும். மிக அரிதாக, ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐவர் என்னும் அளவில், கொடையாளர் இறப்பதும் உண்டு. கல்லீரலில் கொழுப்புப் படிந்திருந்தால் வளர்ச்சி தடுமாறும். வயது ஏற ஏற வளர்ச்சியின் வேகம் குறையும். ‘வளர்ந்துவிடும்’ என்ற ஒற்றைச் சொல்லில் இவை எதுவும் இடம்பெறுவதில்லை.

சிறுநீரகக் கொடையைப் பற்றியும் ஒரு சொல். “கல்லீரல் போலச் சிறுநீரகமும் வளரும்” என்று எண்ணுவோர் உண்டு. ஒரு சிறுநீரகத்தைத் தந்தபின் மற்றது சற்றுப் பருத்து, கூடுதலாக உழைக்கும் என்பது மெய். ஆனால் புதிய வடிகட்டும் அலகுகள் உண்டாவதில்லை. இருப்பவையே பெரிதாகின்றன. ஓர் உறுப்பின் நியதியை மற்றோர் உறுப்புக்குப் பொருத்திப் பேசுவது தவறான நம்பிக்கையைத் தரும்.

இவ்வளவும் அறிவியல். நான் சொல்ல வந்த கருத்து, இந்த அறிவியல் ஒரு குடும்பத்துக்குள் எவ்வாறு பயன்படுகிறது என்பதைப் பற்றியது.

நம் நாட்டில் உயிருள்ளோர் தரும் உறுப்புக் கொடைகளில் கொடையாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். மனைவி, தாய், மகள், சகோதரி என்று அன்பினால் முன்வருவோரே அவர்களில் மிகப் பலர். அந்த அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் “வேலைக்குப் போகிறவர் அவர், நீ வீட்டில்தானே இருக்கிறாய், வளர்ந்துவிடும்” என்று பத்துப் பேர் சூழ்ந்து சொல்லும்போது, ஒரு பெண்ணால் ‘முடியாது’ என்று சொல்ல இயலுமா? கல்லீரல் வளரும் என்ற உண்மை, அவ்விடத்தில் மறுக்க முடியாத வாதமாக மாறிவிடுகிறது. மறுத்தால் தன்னலக்காரி என்ற பெயர் வருகிறது. நம் சட்டத்துக்கும் இந்த இடர் தெரிந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் 2014இல் வகுக்கப்பட்ட விதிகள், கொடையாளர் பெண்ணாயின் கூடுதல் கவனம் வேண்டும் என்றும், அவருடைய சுதந்திரமான சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன.

விதி இருப்பது நன்று. அது கையெழுத்தோடு முடிந்துவிடாமல் இருக்கச் சில வழக்கங்கள் வேண்டும். கொடையாளரோடு மருத்துவர் ஒருமுறையேனும் தனியாக, உறவினர் எவரும் இல்லாமல் பேச வேண்டும். கொடையாளரின் நலனைப் பார்க்கும் மருத்துவர், நோயாளியின் மருத்துவராக இல்லாதிருப்பது நலம். அறுவை அரங்குக்குச் செல்லும் காலைவரை மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை கொடையாளருக்கு உண்டு என்பதை வாயால் சொல்ல வேண்டும். அவர் விரும்பாவிடில், “மருத்துவக் காரணங்களால் பொருந்தவில்லை” என்று மட்டுமே குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காரணத்தை விளக்கும் கடமை அவருக்கு இல்லை.

“இவ்வளவும் சொன்னால் எவர் முன்வருவார்? காத்திருக்கும் நோயாளி இறந்துவிடுவாரே” என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம் அது. ஈரல் செயலிழந்த தந்தையின் படுக்கையருகே நிற்கும் மகனிடம் புள்ளிவிவரம் பேசுவது எளிதன்று. ஆயினும் முழுவதும் கேட்டபின்னும் “நான் தருகிறேன்” என்று சொல்பவரே பெரும்பான்மையோர் என்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அறிந்து தருபவர், அறுவைக்குப் பிந்தைய கடினமான வாரங்களை மனத்தளர்ச்சியின்றிக் கடக்கிறார். எதிர்பாராத களைப்பும் வலியும் வரும்போது ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் அவருக்கு வருவதில்லை. கொடையாளருக்கும் பெறுபவருக்கும் இடையே வாழ்நாள் முழுவதும் நீளும் உறவு அதனால் காக்கப்படுகிறது.

உயிருள்ளோரின் மேல் விழும் இந்தச் சுமையைக் குறைக்க இன்னொரு வழியும் நம்மிடம் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக் கொடைக்கு 2008 முதல் தமிழ்நாட்டில் ஒழுங்குபடுத்தப்பட்ட திட்டம் நடைமுறையில் உள்ளது. அவ்வாறு உறுப்பு தந்தோரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023இல் அரசு அறிவித்தது. ஒவ்வொரு குடும்பமும் தம் விருப்பத்தை நல்ல நாளிலேயே பேசி வைத்துக்கொண்டால், ஒரு மனைவியோ மகளோ உடலைக் கீற வேண்டிய தேவை சில வீடுகளிலாவது இல்லாமல் போகும்.

இவ்விதழைக் கையில் வைத்திருப்பவர்களில் ஒருவர் நாளையே கொடையாளராக அழைக்கப்படலாம். அப்போது மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: என் கல்லீரலில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படும்? எவ்வளவு எஞ்சும்? கொழுப்புப் படிந்திருக்கிறதா? என் பித்தக்குழாய்களின் அமைப்பில் இடர் உண்டா? எத்தனை வாரம் வேலைக்குச் செல்ல இயலாது? சிக்கல் வந்தால் செலவை ஏற்பவர் யார்? அடுத்த ஆண்டுகளில் எனக்குப் பரிசோதனை எப்போதெல்லாம்? ஒவ்வொன்றுக்கும் விடை பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. விடை கிடைக்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொடையாளராகத் தேர்ந்தவரிடம் ‘வளர்ந்துவிடும்’ என்று சொல்வதற்கு முன், அவர் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டாரா என்று விசாரியுங்கள். கேட்டிராவிட்டால், அவருடன் வெளிநோயாளர் பிரிவுவரை சென்று, அவரை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே காத்திருங்கள்.